ஓர் ஓட்டைக்கு எத்தனை வினைச்சொல்?

லொரெயின் மேசைமேல் வைத்த பொட்டலத்திலிருந்து ஆவி வந்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இரண்டில் எதை முதலில் கவனிப்பது என்று ஒரு கணம் யோசித்த இசக்கிமுத்து, பொட்டலத்தைக் கவனித்தான்.

"கையை எடு," என்றார் அருள்நேசம்.

"சூடு ஆறிரும்க்கா."

"அவவின்ர மோனைப் பொலிஸ் பிடிச்சு மறியல்ல போடப் போகுது. உனக்கு மீட் பை ஆறுறதுதான் கவலை."

சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரு மிளகாய்த்தூள் கடைக்கு மேலே, தும்மாமல் யாரும் படியேறி வர முடியாத இடத்தில் இருந்தது அந்தத் துப்பறியும் ஆபீஸ். பருத்தித்துறை அருள்நேசம், வாழ்க்கையில் பாதியைச் சிட்னி நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக நின்றே கழித்தவர். மற்றவர்களுடைய பொய்யை இலக்கணப் பிழையில்லாமல் ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இனி அவற்றைப் பிடித்தால்தான் என்ன என்று இந்தத் தொழிலுக்கு வந்திருந்தார். வள்ளியூர் இசக்கிமுத்து சமையல் படிக்க விமானம் ஏறியவன். வெங்காயத்தோடு ஒத்துவராததால் உதவியாளன் ஆனான்.

லொரெயின் மூக்கைச் சிந்திவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுக்குக் கெம்ப்ஸ் கிரீக்கில் இறைச்சி அடைத்த பை சுட்டு விற்கிற கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்கு அடுத்து கிருபாகரன் என்ற தமிழரின் காய்கறித் தோட்டம். அங்கே பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஓடுகிற சொட்டுநீர்க் குழாய்களில் யாரோ ஓட்டை போட்டுவிட்டார்கள். தடுக்கப் போன கிருபாகரனின் மாமனார் கையிலும் காயம். கத்தியால் குத்தினான் என்று கேஸ். குத்தியவன் என்று போலீஸ் சொல்வது அவள் மகன் ப்ரோடியை.

"திங்கக்கிழமை அவனுக்குத் தீயணைப்புப் படையில பயிற்சி ஆரம்பம். மூணு தடவை எழுதித்தான் பாஸ் பண்ணினான். கேஸ் விழுந்தா அந்த இடம் போச்சு. இன்னைக்கு நாலு மணிக்குக் கூட்டிட்டுப் போக வர்றாங்க."

"பெரியவர் என்ன சொல்லியிருக்கார்?" என்று கேட்டார் அருள்நேசம்.

"அவர் வாக்குமூலத்தைப் போலீஸ்ல ப்ரோடிக்குப் படிச்சுக் காட்டினாங்க. வெள்ளைக்காரனாம். தலையில மஞ்சள் கொண்டையாம். குழாயெல்லாம் குத்திக் கிழிச்சானாம். அவர் கையிலயும் குத்திட்டு, 'ஹலோ'ன்னு சொல்லிட்டுப் போனானாம்."

"என்னது?" இசக்கிமுத்து நிமிர்ந்தான். "குத்திட்டா ஹலோ சொன்னான்? எங்க ஊர்ல சொல்லிட்டுத்தான் குத்துவாவ."

"இன்னும் இருக்கு. தினம் காலையில வர்றவன்தானாம். இவர் சாப்பாடு போட்டாராம். நன்றி கெட்டவனாம்."

"போட்டவரோ?" என்றார் அருள்நேசம்.

லொரெயின் தயங்கினாள். "ஒரு தடவை வேலி வழியா ஏதோ காரமான பருப்பு உருண்டை கொடுத்தார். இவன் அரை நாள் தண்ணிக் குழாயைக் கடிச்சுக்கிட்டு நின்னான். அதைச் சாப்பாடுன்னும் சொல்லலாம்."

"மகனுக்குக் கொண்டை இருக்கோ?"

"இருக்கு. மஞ்சளாத்தான் இருக்கு. வழிச்சிடறேன்னு நிக்கிறான். வழிச்சா இன்னும் சந்தேகம்னு வக்கீல் தடுக்கிறார்."

போதாக்குறைக்கு, தோட்டத்துத் தண்ணீர் தன் வண்டித்தடத்தில் நிற்பதைப் பார்த்து, 'உன் குழாயையெல்லாம் பிடுங்கி எறியலைன்னா பாரு' என்று தெருவே கேட்க ப்ரோடி கத்தியிருக்கிறான். அதுவும் அந்த வாரம்தான்.

"கொண்டை, கோபம், கத்தி," என்று விரல் மடக்கினான் இசக்கிமுத்து. "கேஸ் முடிஞ்சுது. எக்கா, நாம பையைத் திருப்பிக் குடுத்திருவோமா?" சொல்லும்போதே ஒன்றை வாயில் போட்டிருந்தான்.

அருள்நேசம் லொரெயினைப் பார்த்தார். "பெரியவர் வாக்குமூலம் குடுக்கேக்கை உங்கட மகன் எங்கை நிண்டவன்?"

"என் சமையல் கட்டுல. கிருபா முதல்லயே இவன் பேரைச் சொல்லிட்டதால ஒரு போலீஸ்காரர் இங்க வந்தார், இன்னொருத்தர் அங்க போனார். எங்க வீட்டுக்கு வந்தவர் ரெண்டு பை சாப்பிட்டுட்டு, அதுக்கப்புறம் இவனைத் திட்டினார்."

"நல்ல மனிசன்," என்றார் அருள்நேசம். சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கிருபாகரன் தோட்டத்துக் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"குத்தினவன்ர ஆக்களுக்கு வேலை செய்யிறியள் எண்டு கேள்விப்பட்டன், அக்கா. வெக்கமா இல்லையே?"

"அவை பை தந்தவை. நீர் தேத்தண்ணி தந்தால் உமக்கும் வேலை செய்வன். கேற்றைத் திறவும், வெயில் சுடுது."

கூடாரத்துக்குள் நுழைந்தார்கள். முருங்கைக் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. வல்லாரைப் பாத்தி கருகிக் காகிதமாகிக் கிடந்தது. கத்தரி நாற்றுகளில் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார் கிருபாகரன். கையிலேயே பொடிந்தது.

"ஓட்டை எண்டு தெரிஞ்சு குழாய் மாத்திறதுக்குள்ளை வெயில் எல்லாத்தையும் திண்டிட்டுது. ரெண்டு வேலை செய்து வாங்கின காணி அக்கா இது. அவனுக்கு நான் என்ன செய்தனான்? தண்ணி கொஞ்சம் அவன்ர பக்கம் ஓடிப்போச்சு. அதுக்கு இப்பிடியே?"

பொடிந்த நாற்றைப் பிடித்துக்கொண்டே அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணீர் போடப் போனார்.

அருள்நேசம் குனிந்து ஒரு கறுப்புக் குழாய்த் துண்டை எடுத்தார். "எழுது, இசக்கி. என்ன நடந்தது?"

அவன் போனில் தட்டினான். "மர்ம நபர் குழாயை ஊடுருவினார்."

"ஊடுருவினால் மற்றப் பக்கத்தாலை வெளியில வரவேணும். வந்திருக்கோ?"

திருப்பிப் பார்த்தான். "வரல. சரி, துளைத்தார்."

"துளைக்கிறதுக்கு ஆற அமர இருந்து சுத்தவேணும். ஓட்டை வட்டமா வரும். உது வட்டமே?"

"இது நம்ம எஸ்.எஸ்.எல்.சி. கணக்கு நோட்டுல வரைஞ்ச வட்டம் மாதிரி இருக்கு. தைத்தது?"

"முள்ளுத்தான் தைக்கும். அதுக்கு ஆள் தேவையில்லை. இஞ்சை முள்ளு இருக்கோ?"

"கத்தரிக்கா காம்புல இருக்கு. அது நடந்து வந்து குத்துமா? ஆங், குத்தினார்! பழைய சொல்லுதான் சரி. வேலையை முடிங்க."

"குத்தினால் ஒரே இறக்கு. கோபம் ஒரே இடத்தில இறங்கி நிக்கும். இதில பார், ஓட்டையைச் சுத்தி நன்னின மாதிரி, கொஞ்சங் கொஞ்சமாக் கொறிச்ச மாதிரிக் கிடக்கு. குத்துறவன் நிண்டு நன்னுவானே?" அவர் குழாயை அவன் கையில் கொடுத்தார். "உந்த ஓட்டைக்குச் சரியான வினைச்சொல்லைக் கண்டுபிடி. எழுவாய் தானா வந்து நிக்கும்."

"நான் தமிழ்ல பார்டர்ல பாஸானவன்க்கா. எழுவாய் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது."

மாமனார் நாகமுத்தர் கூடாரத்துக்கு வெளியே, தகரக் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையில் கட்டு. நெற்றி நிறைய திருநீறு. அருள்நேசம் வணக்கம் சொன்னதற்கு ஒரு தலையாட்டல். எப்படி நடந்தது என்று கேட்டதற்கு அதுவும் இல்லை.

"மாமா கதைக்க மாட்டார்," என்றார் தேத்தண்ணீரோடு வந்த கிருபாகரன். "பொலிஸ் வந்துபோன அண்டு பின்னேரமே மௌன விரதம் துடங்கிட்டார். கந்தசட்டியாம்."

"எழுதிக் காட்டச் சொல்லலாமே?"

"எழுதினால் அதுவும் கதைதானாம்."

"உமக்கு விளங்குதோ, கிருபா? ஒரு பெடியன்ர வாழ்க்கை இவர்ர வாயில கிடக்கு."

"அவர் சொல்ல வேண்டியதை எல்லாம் பொலிசுக்குச் சொல்லிட்டார். போனில ஒரு பிள்ளை மொழிபெயர்த்தது. நான் அந்த நேரம் கடைக்குக் குழாய் வாங்கப் போயிட்டன்." கிருபாகரன் வேலைக்குத் திரும்பினார். நின்று பேச அவருக்கு நேரமும் இல்லை, மனதும் இல்லை.

இசக்கிமுத்து அருள்நேசத்தின் காதருகே வந்தான். "எக்கா, எனக்குத் திருச்செந்தூரு பக்கம். தீவாளி அமாவாச கழிஞ்சுல்லா சஷ்டி வரும். தீவாளிக்கே இன்னும் எங்கம்மா போன் பண்ணல. இவரு என்ன அட்வான்ஸ் புக்கிங்ல விரதம் இருக்காரு?"

அருள்நேசம் அவனை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீ சில நேரம் உதவியாத்தான் இருக்கிறாய்."

"சம்பளத்துல காட்டுங்க. இன்னொண்ணும் சொல்லுதேன். பெரியவரு பயந்து போய் வாயை மூடிருக்காரு. வீட்டுல யாருக்குப் பயம்? மருமவனுக்கு. அப்ப ஓட்டை போட்டது யாரு? மருமவன்! மாமனாரு பார்த்துட்டாரு. கையிலயும் ஒரு குத்து, வாயை மூடுன்னு."

"அந்தாள் கத்தரிக் கண்டைப் பிடிச்சுக்கொண்டு அழுததைக் கண்டனியோ?"

"கண்டேன்."

"பிறகு ஏன்ரா விசர்க் கதை கதைக்கிறாய்?"

அவர் போனை எடுத்துத் தள்ளிப்போய் நின்றார். அன்று போனில் மொழிபெயர்த்தது கோயம்புத்தூர் வித்யாதான் என்று ஊகிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அந்தத் தொழிலில் யார் யாருக்கு எந்தக் கிழமை வேலை என்பது அவருக்கு அத்துப்படி. ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் எதுவும் சொல்லக் கூடாதுங்கக்கா, உங்களுக்கே தெரியுமில்லீங்க," என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னாள் வித்யா.

"அவர் சொன்னதில ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். லைன் எப்பிடி இருந்தது, அதை மட்டும் சொல்லும்."

"அதையேங்க கேக்கறீங்க! இரைச்சலோ இரைச்சல். பெரியவருக்குப் பல்லு வேற இல்லீங்களாட்ட. பின்னால ஒருத்தன் ஹலோ ஹலோன்னு கத்திட்டே இருந்தானுங்க. போலீஸ்காரராக்கும்னு நானும் ரெண்டு வாட்டி ஹலோ சொல்லித் தொலைச்சனுங்க."

போன் வைக்கப்பட்டது. இசக்கிமுத்து கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"எக்கா, ஹலோ சொன்ன ஆள் இங்கனயே நின்னுருக்கான். ப்ரோடி அந்த நேரம் அவிய அம்மா சமையல் கட்டுல. அப்போ வேற ஒரு வெள்ளைக்காரன்! பெரியவரு வாக்குமூலம் குடுக்கக் குடுக்க, பக்கத்துலயே நின்னு மிரட்டியிருக்கான்!"

"பொலிஸ்காரருக்கு முன்னாலையோ?"

"அதான எனக்கும் இடிக்குது." அவன் சோர்ந்துபோய்க் கொட்டகைச் சுவரில் சாய்ந்தான். காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தான். நாற்காலியைச் சுற்றி ஒரே வேர்க்கடலைத் தோல். "பெரியவரு விரதத்துல நல்லாத்தான் நொறுக்கிருக்காரு."

அருள்நேசம் ஒரு தோலைக் கையில் எடுத்தார். நாகமுத்தரைப் பார்த்தார். கன்னங்கள் உள்ளே போய், மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று தொட முயன்றுகொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தார்.

"பல்லில்லாத மனிசன்," என்றார் மெதுவாக. "கச்சானை ஆர் சாப்பிட்டது, இசக்கி?"

அவன் பதில் சொல்வதற்குள் போலீஸ் வண்டி தோட்டத்து மண்பாதையில் திரும்பியது. நாலு மணி. லொரெயின் வீட்டுக்குப் போகுமுன் கிருபாகரனிடம் ஒரு கையெழுத்து வாங்க வந்திருந்தார்கள். ஒரு இளம் பெண் கான்ஸ்டபிள் இறங்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம், வாசற்படியில், மஞ்சள் கொண்டையோடு ப்ரோடி எழுந்து நின்றான். ஓடவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாக்கெட்டில் விடுவதும் எடுப்பதுமாக இருந்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு லொரெயின்.

அருள்நேசம் ஓடிப் போகவில்லை. நாகமுத்தருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஐயா, பொலிஸ் வந்திட்டுது. வெள்ளையனைக் கொண்டு போகப் போகினம்."

கிழவரின் கண் அகன்றது. அவர் பார்த்தது ப்ரோடியை அல்ல, கொட்டகைக் கூரையை. அதை இசக்கிமுத்து கவனித்தான்.

"கொண்டு போய்?" அந்த வாயிலிருந்து வார்த்தை வந்தே விட்டது. "சுட்டுப் போடுவினமோ, பிள்ளை?"

மாமனார் குரலைக் கேட்டு, பேனாவும் கையுமாக நின்ற கிருபாகரன் திரும்பினார்.

"அது எனக்குத் தெரியாது. நீங்கள்தானே அவனில பிழை சொன்னனீங்கள்?"

"ஐயோ, நான் கோவத்தில சொன்னனான்! அவன் பாவம். பசியில வந்தவன். அண்டைக்கு என்னட்டைக் கச்சான் முடிஞ்சுபோச்சு, அந்த எரிச்சல்ல குழாயில போய்க் கொத்தினவன். நான் கலைக்கப் போகக் கையிலயும் கொத்திப்போட்டான். அதுக்காக உயிரை எடுக்கிறதே?"

"திருப்பிச் சொல்லுங்கோ. குழாயில என்ன செய்தவன்?"

"கொத்தினவன்."

"குத்தினவனோ?"

"காது கேக்காதோ உமக்கு? குத்துறதுக்கு அவனிட்டைக் கத்தியே கிடக்கு? கொத்தினவன்! கொத்து, கொத்து!" கட்டுப் போட்ட கையின் ஐந்து விரல்களையும் குவித்து நாற்காலிக் கையில் டொக் டொக் என்று தட்டிக் காட்டினார்.

இசக்கிமுத்து வாயைப் பிளந்தான். அதே நேரம் கூரையிலிருந்து காதைக் கிழிக்கிற ஒரு கத்தல் வந்தது. வெள்ளைவெளேரென்று ஒரு காக்கட்டூக் கிளி இறங்கி, போலீஸ் வண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்தது. தலையிலிருந்த மஞ்சள் கொண்டையை விசிறிபோல் விரித்தது. சுற்றி நின்ற எல்லோரையும் ஒரு கண்ணால் பார்த்தது.

"ஹலோ," என்றது.

சிட்னியில் அந்தப் பறவையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றைக்குக் கூரையில் இருந்துகொண்டு அது கத்தியதையும் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். இன்று எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்ற பெருமையில் அது கண்ணாடி துடைக்கிற ரப்பரைக் கவ்வி, நிதானமாகக் கொத்திக் கொத்தி, நன்னி, முழுசாக உருவி மண்ணில் போட்டது.

"வெள்ளையன்!" என்றார் நாகமுத்தர், கண்ணீரோடு. "ஓடடா! ஓடு!"

"இவனே உங்கட வெள்ளையன்?" கிருபாகரனின் பேனா கீழே விழுந்தது.

"வெள்ளையா இருக்கிறான், வெள்ளையன் எண்டு கூப்பிடுறன். பின்னை முருகேசெண்டே கூப்பிடுறது?"

கான்ஸ்டபிள் அருள்நேசத்தைப் பார்த்தாள். "என்ன சொல்றார்? யாரைச் சொல்றார்?"

"அவர் அடையாளம் காட்டுற ஆள் உங்க வண்டி மேல நிக்கிறார்," என்றார் அருள்நேசம். "ரெண்டாவது ரப்பர்ல கை வைக்கிறதுக்குள்ள புது வாக்குமூலம் எழுதிடுங்க. நான் நேர்ல நின்னு மொழிபெயர்க்கிறேன். ரெண்டு சொல்லு பிசகிப்போச்சு. ஒண்ணு, ஆளு. இன்னொண்ணு, அவன் செஞ்ச வேலை."

எழுதும்போது அந்தப் பெண் ஒரு இடத்தில் நின்றாள். கடித்தது என்று போடவா, கீறியது என்று போடவா என்று கேட்டாள். அருள்நேசம் அதையும் கிழவரிடம் கேட்டார். கொத்தியது என்று மூன்றாம் முறையும் சொல்லவைத்து, அதற்குரிய சொல்லையே போடவைத்த பிறகுதான் விட்டார். பறவைகளைக் கைது செய்கிற வழக்கம் இல்லை என்று கான்ஸ்டபிள் உத்தரவாதம் கொடுத்ததும் நாகமுத்தர் மூச்சு விட்டார். அந்த மூச்சு பாதிகூட வெளியே வரவில்லை, கிருபாகரன் வெடித்தார்.

"கச்சான் போட்டு வளர்த்தனீங்களே, மாமா? என்ர பயிரை அழிச்சதுக்குக் கச்சானே? அந்தப் பெடியனைப் பிடிக்கினம் எண்டு தெரிஞ்சும் வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்களே?"

"எந்தப் பெடியன்? எனக்கு ஆர் சொன்னது? வெள்ளையனைப் பிடிக்கப் போறம், விட மாட்டம் எண்டு நீதானே போனில கத்தினனீ. நான் இவனை எண்டு நினைச்சன்." கிழவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். "நீ விடிய வெள்ளாப்பில தோட்டத்துக்குள்ளை போனால் இருட்டத்தான் வாறாய். மோளும் வேலைக்குப் போயிடுவா. காலமை எழும்பினால் வந்து ஹலோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுறதுக்கு எனக்கு இவன் ஒருத்தன்தான்."

கிருபாகரன் கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்தார். இசக்கிமுத்து வேறு எங்கோ பார்த்தான்.  

பிறகு கிருபாகரன் வேலியை நோக்கி நடந்தார். நடக்க நடக்க வேகம் குறைந்தது. ப்ரோடி அந்தப் பக்கம் வந்து நின்றான். லொரெயின் கையைக் கட்டிக்கொண்டு, மகனுக்கு ஒரு அடி முன்னால் நின்றாள்.

கிருபாகரன் தமிழில் ஆரம்பித்தார். தண்ணீர் ஓடிய நாளிலிருந்து தொடங்கினார். தன் மேல் பிழை என்றார். கொண்டையைப் பார்த்ததும் மனம் தானாக முடிவு கட்டிவிட்டது என்றார். கன்றுகளைச் சொன்னார், காணியைச் சொன்னார், நித்திரையில்லாததைச் சொன்னார், தன்னுடைய தாயைக்கூட ஒரு இடத்தில் இழுத்தார். முடிக்கும்போது வேர்த்திருந்தது.

"மன்னிப்புக் கேக்கிறார்," என்றார் அருள்நேசம்.

"அவ்வளவுதானா?" ப்ரோடி குழம்பினான். "ரொம்ப நேரம் பேசினாரே?"

"அவ்வளவுதான்," என்றான் இசக்கிமுத்து. "மிச்சமெல்லாம் மூச்சு வாங்கினது."

ப்ரோடி தலையைச் சொறிந்தான். கொண்டை ஆடியது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான், கருகிய கூடாரத்தைப் பார்த்தான், பிறகு கிருபாகரனின் செருப்பில்லாத கால்களைப் பார்த்தான்.

"அவர்கிட்ட சொல்லுங்க. அந்த மெல்லிசுக் குழாய் இங்கே தாங்காது, காக்கட்டூ விடாது. எங்க ஷெட்ல கெட்டிக் குழாய் ஒரு சுருள் சும்மா கிடக்கு. திங்கக்கிழமை வரைக்கும் எனக்கும் வேலை இல்லை. வேணும்னா இப்பவே போட ஆரம்பிக்கலாம்."

கிருபாகரன் அருள்நேசத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அருள்நேசம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், முழுவதுமாகத் தமிழில் சொன்னார்.